எது அசல்? இறக்குமதியாகும் பழைய கேம்பர்வேனும் பிரிட்டனின் வரிகளும்

கலிஃபோர்னியாவில் ஒருவர் 1974ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் கேம்பர்வேன் ஒன்றை 12,000 பவுண்டுக்கு வாங்கிப் பிரிட்டனுக்குக் கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கப்பல் கூலியும் காப்பீடும் சேர்த்து 2,000 பவுண்டு. வண்டி துறைமுகத்தில் இறங்குகிறது. அதை வரலாற்று மதிப்புள்ள சேகரிப்புப் பொருள் என்று சுங்கத் துறை ஏற்றுக்கொண்டால் அவர் கட்ட வேண்டியது 700 பவுண்டு. சாதாரணப் பழைய வண்டி என்று முடிவு செய்தால் 4,480 பவுண்டு. இரண்டு தொகையும் ஒரே வண்டிக்குத்தான்.

பழைய வாகனங்களுக்குச் சலுகை தரும் சட்டங்கள் பெரும்பாலான நாடுகளில் மூன்று கேள்விகளைக் கேட்கின்றன. வண்டிக்கு என்ன வயது? அசல் நிலையில் இருக்கிறதா? எதற்குப் பயன்படுகிறது? பழைய கார் வைத்திருப்பவர் மூன்றுக்கும் அநேகமாகத் தடுமாறாமல் பதில் சொல்லிவிடலாம். கேம்பர்வேன்காரர் இரண்டாவது கேள்வியில் மாட்டிக்கொள்கிறார். ஏனென்றால் கேம்பர்வேன் என்பதே மாற்றியமைத்த வண்டி. சரக்கு வேனாகவோ சிறு பஸ்ஸாகவோ தொழிற்சாலையை விட்டு வெளியே வந்து, வேறொரு பட்டறைக்குப் போய், அங்கே கூரையை வெட்டி, கட்டிலும் அலமாரியும் அடுப்பும் பொருத்தி, வீடாக்கப்பட்டது. அதற்குப் பின் வந்த ஒவ்வொரு உரிமையாளரும் தன் வசதிக்கு ஏதாவது சேர்த்திருப்பார். இப்படி ஐம்பது வருடம் ஓடிய வண்டியின் எந்த நாளைய நிலையை அசல் என்று கொள்வது? பிரிட்டனில் சுங்கத் துறை இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. வாகனப் பதிவுத் துறை வேறொரு பதில் வைத்திருக்கிறது. வாகனச் சோதனை விதிகள் மூன்றாவதாக ஒன்றைச் சொல்கின்றன. வாங்குகிறவர்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் இந்த மூன்றும் ஒன்று என்று நினைத்துக்கொள்வதால்தான்.

முதலில் வண்டியைப் பற்றிச் சில வரிகள். நெதர்லாந்தில் ஃபோக்ஸ்வாகன் கார்களை இறக்குமதி செய்த பென் பொன், 1947 ஏப்ரலில் தன் குறிப்பேட்டில் வரைந்த பெட்டி போன்ற படம்தான் இதன் தொடக்கம். 1950 மார்ச்சில் வோல்ஃப்ஸ்பர்க் ஆலையில் உற்பத்தி ஆரம்பித்தது. 1956ல் ஹனோவருக்கு மாறியது. முன்கண்ணாடி இரண்டாகப் பிரிந்த முதல் தலைமுறை 1967 வரை வந்தது. ஒரே வளைந்த கண்ணாடி கொண்ட இரண்டாம் தலைமுறை ஜெர்மனியில் 1979 வரை வந்தது. பிரிட்டன்காரர்கள் இவற்றை ஸ்ப்ளிட் ஸ்கிரீன், பே விண்டோ என்பார்கள். அதற்கடுத்த சதுரமான வண்டி அங்கே டி25. உள்ளே வீடு கட்டும் வேலையை ஜெர்மனியில் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் 1951லேயே தொடங்கிவிட்டது. பிரிட்டனில் சிட்மவுத்தின் டெவன், ஃபோக்ஸ்டனின் டோர்மொபைல், டான்பரி என்று பல பட்டறைகள் இருந்தன.

உள்ளூரிலேயே இத்தனை பட்டறைகள் இருந்தும் ஏன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவருகிறார்கள்? துருதான் காரணம். பிரிட்டனில் குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவுவார்கள். அந்த உப்புநீர் வண்டியின் அடித்தகட்டைத் தின்றுவிடும். கலிஃபோர்னியாவிலும் அதை ஒட்டிய வறண்ட மாநிலங்களிலும் ஓடிய வண்டிகளின் தகடு இன்றும் உறுதியாக இருக்கிறது. வெயிலில் இருக்கையும் ரப்பரும் காய்ந்து வெடித்திருக்கும். அவற்றை மாற்றுவது எளிது. அழுகிய அடித்தகட்டை வெட்டி ஒட்டுவது பெரிய செலவு. ஆகவே ஸ்டீயரிங் இடப்பக்கம் இருந்தாலும் பரவாயில்லை என்று வாங்குகிறார்கள்.

சுங்கத்துக்கு வருவோம். சரக்குகளை எண்களால் வகைப்படுத்தும் சுங்க அட்டவணையில் 97ஆம் அத்தியாயம் கலைப் பொருள்களுக்கும் தொல்பொருள்களுக்கும் உரியது. அதில் 9705 என்ற தலைப்பின்கீழ் வரலாற்று ஆர்வத்துக்குரிய சேகரிப்புப் பொருள்கள் வருகின்றன. இங்கே சுங்கவரி கிடையாது. வாட் வரியும் 5 சதவீதம்தான். சட்டம் இதைக் கொஞ்சம் சுற்றிச் செய்கிறது, பொருளின் மதிப்பில் கால் பங்கை மட்டும் எடுத்து அதற்கு வழக்கமான 20 சதவீதத்தைப் போடுகிறது. 14,000 பவுண்டுக்கு 700 என்பது இப்படி வந்த கணக்கு. சாதாரண வண்டிகள் 87ஆம் அத்தியாயத்தில் இருக்கின்றன. அங்கே 10 சதவீதச் சுங்கவரி, அதாவது 1,400. அதையும் கூட்டிய 15,400க்கு 20 சதவீத வாட், 3,080. மொத்தம் 4,480. வரிக்கு மேல் வரி ஏறுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கப்பல் கூலிக்கும் சேர்த்துத்தான் வரி என்பதும் பலர் விட்டுவிடுகிற விஷயம்.

9705க்குள் போவதற்கான நிபந்தனைகள் ஐரோப்பிய ஒன்றியக் காலத்தில் உருவானவை. ஒரு பழைய மெர்சிடிஸ் 300 எஸ்எல் காரைப் பற்றிய வழக்கில் 1998 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தந்த தீர்ப்பு இதில் முக்கியமானது. வண்டி அசல் நிலையில் இருக்க வேண்டும், குறைந்தது 30 வயது ஆகியிருக்க வேண்டும், அந்த மாடல் இப்போது உற்பத்தியில் இருக்கக் கூடாது என்பவை இதிலிருந்து நிலைபெற்றன. அசல் நிலை என்பதைப் பிறகு வந்த விளக்கக் குறிப்புகள் விரித்துச் சொன்னன: சேஸி, உடல், ஸ்டீயரிங், பிரேக், பல்சக்கரப் பெட்டி, சஸ்பென்ஷன், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது. தேய்ந்த பாகத்துக்குப் புதுப் பாகம் போடலாம், பழுது பார்க்கலாம், புதுப்பிக்கலாம். ஆனால் வண்டி தன் காலத்துக்கு உரிய நிலையில் இருக்க வேண்டும். நவீனப்படுத்தியது வெளியே. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வந்த பிறகும் இந்த அளவுகோலையே வைத்திருக்கிறது.

இந்தப் பட்டியலைக் கேம்பர்வேனுக்குப் பொருத்திப் பார்த்தால் மூன்று வகை தெரிகிறது. வெஸ்ட்ஃபாலியா போன்ற நிறுவனம் புதிதாக இருக்கும்போதே மாற்றி விற்ற வண்டிக்குச் சிக்கல் இல்லை; அதன் தூக்கும் கூரையும் மர அலமாரியும் பிறப்போடு வந்தவை. 1975ல் சரக்கு வேனாக விற்று, இரண்டு வருடம் கழித்து ஒரு பட்டறையில் கேம்பராக்கிய வண்டி இரண்டாவது வகை. அந்த மாற்றமே இன்று வரலாறு ஆகிவிட்டது என்று வாதிடலாம். அந்தப் பட்டறையின் ரசீதோ பழைய படமோ இருந்தால் வாதம் நிற்கும். போன வருடம் சரக்கு வேனை வெட்டி, ஜன்னல் வைத்து, பளபளக்கும் அலமாரி போட்டு, பின்னால் சுபாரு எஞ்சின் ஏற்றி விற்பது மூன்றாவது வகை. சந்தையில் விலை அதிகம் போவது பெரும்பாலும் இதுதான். 9705இன் வாசலிலிருந்து திரும்பி வருவதும் இதுதான். விற்பவர் முழுக்கப் புதுப்பித்த வண்டி என்று எழுதியிருந்தால் அதைச் சிறப்பு என்று எண்ணாமல், எதைப் புதுப்பித்தார்கள் என்று துருவிக் கேட்க வேண்டும். துரு பிடித்த கதவை அதே மாதிரிக் கதவால் மாற்றியது புதுப்பித்தல். டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு இக்காலத்து டிஸ்க் பிரேக் அமைப்பை வைத்தது நவீனப்படுத்தல். முதலாவதால் வரி ஏறாது, இரண்டாவது வரியைப் பல மடங்காக்கிவிடக் கூடும்.

தோற்றத்தை வைத்து வயதை நம்பவும் கூடாது. ஜெர்மனியில் 1979ல் நின்றுபோன இரண்டாம் தலைமுறை வண்டியைப் பிரேசில் ஆலை 2013 டிசம்பர் வரை செய்துகொண்டே இருந்தது. 2014 முதல் புது வண்டிகளில் ஏர்பேக்கும் ஏபிஎஸ் பிரேக்கும் கட்டாயம் என்ற சட்டம் வந்ததால்தான் நிறுத்தினார்கள். பார்வைக்கு 1970களின் வண்டி போல இருக்கும் ஒரு பிரேசில் வேன் 2008ல் பிறந்ததாக இருக்கலாம். அதற்கு எந்தச் சலுகையும் இல்லை.

2020 டிசம்பர் 31 வரை ஜெர்மனியிலோ நெதர்லாந்திலோ வாங்கிய பழைய வேனை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம், இறக்குமதி வரி என்ற பேச்சே இல்லை. மறுநாளிலிருந்து பிரிட்டன் தீவுக்குள் வரும் எந்த வண்டிக்கும் சுங்க அறிவிப்பு தேவை. ஒன்றியத்தோடு செய்த வணிக ஒப்பந்தப்படி அங்கே உற்பத்தியான பொருளுக்குச் சுங்கவரி இல்லையே என்று சிலர் கேட்பார்கள். அதற்குப் பொருள் எங்கே உற்பத்தியானது என்பதற்கு முறையான சான்று வேண்டும். ஐம்பது வருடத்துக்கு முன் ஹனோவரில் செய்த வேனைத் தன் கொட்டகையிலிருந்து விற்கும் தனி ஆள் அந்தச் சான்றுக்கு எங்கே போவார்? கலிஃபோர்னியாவிலிருந்து வரும் ஹனோவர் வண்டிக்கோ இந்த வழியே கிடையாது. 9705தான் நடைமுறையில் கைகொடுக்கும் கதவு. குடிபெயர்ந்து வருகிறவர்களுக்கு மட்டும் தனிச் சலுகை உண்டு: குறைந்தது 12 மாதம் வெளிநாட்டில் வாழ்ந்து, வண்டியை 6 மாதமாவது அங்கே வைத்துப் பயன்படுத்தியிருந்தால் வரியின்றிக் கொண்டுவரலாம், வந்த பிறகு 12 மாதம் விற்கக் கூடாது.

வண்டி வந்த 14 நாளுக்குள் வருவாய்த் துறையான எச்எம்ஆர்சிக்குத் தெரிவிக்க வேண்டும். நோவா என்ற இந்த ஏற்பாடு 2013 ஏப்ரலில் வந்தது. தாமதமானால் அபராதம். நோவாவில் வரி தீர்ந்தது என்று பதிவாகாத வண்டியை டிவிஎல்ஏ, அதாவது ஸ்வான்சியில் இருக்கும் ஓட்டுநர் மற்றும் வாகன உரிம முகமை, தொடவே தொடாது. சுங்க அறிவிப்பிலும் நோவாவிலும் பதிவு விண்ணப்பத்திலும் சேஸி எண் ஓர் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். 1981க்கு முந்தைய வண்டிகளின் எண் 17 எழுத்து நீளம் இல்லை. குறைவாக இருக்கிறதே என்று சுங்க ஏஜெண்ட் அலுவலகத்தில் யாராவது முன்னால் பூஜ்யம் சேர்த்துவிட்டால் பிறகு மாதக்கணக்கில் கடிதம் எழுத வேண்டிவரும்.

அந்த எண்ணைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். 1970களின் வேனில் அது பின்பக்க எஞ்சின் அறையின் தகட்டிலேயே பொறித்திருக்கும். அமெரிக்காவுக்குப் போன வண்டிகளில் முன்கண்ணாடிக்கு உள்ளே, டாஷ்போர்டின் மேலும் ஒரு சிறு தகட்டில் இருக்கும். பத்து இலக்கம். முதல் இரண்டு இலக்கம் வண்டி வகை: 21 என்றால் சரக்கு வேன், 22 என்றால் பயணிகள் பஸ், 23 என்றால் கோம்பி என்ற இருபயன் வகை, கேம்பர்களும் இதில்தான் வரும். மூன்றாவது இலக்கம் மாடல் ஆண்டின் கடைசி எண். 234 என்று தொடங்கினால் 1974 மாடல் கோம்பி என்று பொருள், அது கேம்பராகவும் இருக்கலாம். இது தவிர முன்பக்க அறையில் எம் பிளேட் என்று ஆர்வலர்கள் அழைக்கும் இன்னொரு சிறு தகடு உண்டு. எந்த வாரம், எந்தக் கிழமை உற்பத்திக்குக் குறித்தார்கள், என்ன நிறம், எந்த நாட்டுக்குப் போனது, என்னென்ன கூடுதல் வசதிகள் என்பதெல்லாம் அதில் குறியீடாக இருக்கும். பலர் இதைப் பழைய தகரம் என்று கழற்றிப் போட்டுவிட்டு வண்ணம் அடித்துவிடுகிறார்கள். அந்த வண்டி பிறந்தபோதே கேம்பர்தான் என்று காட்டுவதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது கடினம்.

பதிவுக்கு வி55/5 என்ற படிவம். அதோடு வெளிநாட்டுப் பதிவுச் சான்று, விண்ணப்பிப்பவரின் அடையாள ஆவணங்கள், காப்பீடு, வண்டியின் வயதுக்கான ஆதாரம், 55 பவுண்டு கட்டணம். வண்டி பத்து வயதைத் தாண்டிவிட்டதால் தனி வாகன ஒப்புதல் சோதனை வேண்டியதில்லை. கஷ்டம் வயது ஆதாரத்தில்தான். ஜெர்மன் ஆவணத்தில் முதல் பதிவுத் தேதி நாள், மாதம், வருடத்தோடு இருக்கும். அமெரிக்கச் சொத்துச் சான்றான டைட்டிலில் பொதுவாக மாடல் ஆண்டு மட்டும்தான். ஃபோக்ஸ்வாகன் ஆலையில் மாடல் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கும். 1974 மாடல் என்ற வண்டி 1973 செப்டம்பரில் பிறந்திருக்கலாம். இதைத் தெளிவாக்க வோல்ஃப்ஸ்பர்கில் உள்ள ஃபோக்ஸ்வாகன் அருங்காட்சியகம் ஆலைப் பதிவேட்டைப் பார்த்துப் பிறப்புச் சான்று தருகிறது. டிவிஎல்ஏ அங்கீகரித்த பழைய வாகனச் சங்கங்களும் வண்டியைப் பார்த்து வயதுக் கடிதம் தருகின்றன. ஆதாரம் திருப்தி தந்தால் அந்த வருடத்துக்கு உரிய எழுத்துள்ள எண் கிடைக்கும். 1973 ஆகஸ்ட் முதல் 1974 ஜூலை வரை என்றால் எண்ணின் முடிவில் எம். வயதோ அடையாளமோ உறுதிப்படாத வண்டிக்குக் கியூ என்று தொடங்கும் எண்ணைக் கொடுத்துவிடுவார்கள். அதன்பிறகு விற்கும்போது விலை இறங்கும், காப்பீட்டுக்காரர்கள் தயங்குவார்கள். 1980 ஜனவரி 1க்கு முன் பிறந்து, வரலாற்று வாகனப் பிரிவில் பதிவான வண்டிகள் கறுப்புத் தகட்டில் வெள்ளி எழுத்து வைத்துக்கொள்ளலாம். அந்தத் தகடு அந்த முகத்துக்கு எவ்வளவு பொருத்தம் என்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இனி சாலை வரி. இதன் கதை அரசியலோடு பின்னியது. 25 வயது தாண்டிய வாகனங்களுக்குச் சாலை வரி இல்லை என்ற சலுகையைக் கன்சர்வேட்டிவ் அரசு 1990களின் நடுவில் கொண்டுவந்தது. வருடம் நகர நகர எல்லையும் நகரும் ஏற்பாடு அது. அடுத்து வந்த லேபர் அரசு எல்லையை 1973 ஜனவரி 1ல் நிறுத்திவிட்டது. 1972 டிசம்பரில் பிறந்த வேனுக்கு வரி இல்லை, அடுத்த மாதம் பிறந்ததற்கு உண்டு என்ற நிலை 2014 வரை நீடித்தது. அந்த ஆண்டுதான் எல்லை மறுபடி நகரத் தொடங்கியது. இம்முறை 40 வயது. ஒவ்வொரு ஏப்ரல் 1ஆம் தேதியும், அதற்கு 40 வருடத்துக்கு முந்தைய ஜனவரி 1க்கு முன் உற்பத்தியான வண்டிகள் உள்ளே வருகின்றன. 2025 ஏப்ரலில் 1985க்கு முந்தையவை வந்தன; 2026 ஏப்ரலில் 1986க்கு முந்தையவை. சுங்கத்துக்கு 30 வயது, சாலை வரிக்கு 40 வயது என்ற இந்த இடைவெளியில்தான் 1980களின் டி25கள் நிற்கின்றன. துறைமுகத்தில் சேகரிப்புப் பொருளாக மதிக்கப்படும் ஒரு 1988ஆம் ஆண்டு வேன், சாலைக்கு வந்ததும் சாதாரண வண்டி ஆகிவிடுகிறது. 1549 சிசிக்கு மேற்பட்ட எஞ்சினுக்கு 2025-26ல் வருட வரி 360 பவுண்டு. அதற்குக் கீழ் 220.

இங்கேயும் உற்பத்தித் தேதி கணக்கைப் புரட்டிப் போடும். டி25இன் 17 எழுத்து எண்ணில் பத்தாவது எழுத்து ஜி என்றால் 1986 மாடல். ஆனால் அது 1985 ஆகஸ்டுக்கும் டிசம்பருக்கும் இடையே பிறந்தது என்று ஆலைச் சான்று சொன்னால் ஒரு வருடம் முன்னதாகவே விலக்குக் கிடைக்கும். லண்டன்வாசிக்கு இது 360 பவுண்டோடு நிற்கிற விஷயம் இல்லை. 2023 ஆகஸ்ட் 29 முதல் மாநகரத்தின் எல்லாப் பகுதிகளும் மாசுக் கட்டுப்பாட்டு மண்டலத்துக்குள் வந்துவிட்டன. ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் இருக்கும் நம் தமிழர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தரத்தை எட்டாத வண்டியை வீட்டு வாசலிலிருந்து எடுத்தால் அன்றைக்கு 12.50 பவுண்டு. வரலாற்று வாகனப் பிரிவில் பதிவானவற்றுக்கு இந்தக் கட்டணம் கிடையாது. பிறப்புச் சான்றுக்குச் செலவழிக்கும் தொகை இதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

விலக்குத் தானாக வராது. விண்ணப்பித்துப் பிரிவை மாற்ற வேண்டும். மாற்றிய பிறகும், கட்ட வேண்டியது பூஜ்யம் என்றாலும் ஒவ்வொரு வருடமும் வரியைப் புதுப்பிக்க வேண்டும். வாடகைக்கு விடுகிறவர்களுக்கும் தொழிலுக்குப் பயன்படுத்துகிறவர்களுக்கும் இந்த விலக்கு இல்லை; கல்யாண ஊர்வலத்துக்குக் கூலிக்கு அனுப்பினாலும் அப்படித்தான். இந்த நிபந்தனை நியாயமானது என்றே நினைக்கிறேன். பழமையைக் காப்பவருக்குத் தரும் சலுகை, அதை வைத்து வியாபாரம் செய்பவருக்குப் போகக் கூடாது.

வருடாந்தரத் தகுதிச் சோதனையான எம்ஓடியில் (நம்மூர் எஃப்சி போன்றது) 2018 மே 20 முதல் 40 வயது தாண்டிய வண்டிகளுக்கு விலக்கு உண்டு. கடந்த 30 வருடத்தில் பெரிய மாற்றம் செய்யவில்லை என்று உரிமையாளரே உறுதிமொழி கொடுத்தால் போதும். அசல் என்பதற்கு இங்கே கிடைப்பது தளர்வான விளக்கம். 30 வருடத்துக்கு முன்பே செய்த மாற்றத்தைச் சட்டம் மன்னித்துவிடுகிறது. அதே வகை எஞ்சினில் கூடுதல் சிசி உள்ளது ஏறியிருந்தாலும் பிரச்சினை இல்லை. டிவிஎல்ஏவும் 2025 ஆகஸ்டில் தன் விதியைத் தளர்த்தி, மின்சார வண்டியாக மாற்றிய பழைய வாகனங்கள் தெரிவித்துவிட்டுத் தங்கள் அசல் எண்ணையே வைத்துக்கொள்ள வழிசெய்தது. சுங்கத் துறையிடம் இதைக் காட்டிச் சலுகை கேட்க முடியாது. சோதனையிலிருந்து விலக்கு இருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை எம்ஓடி செய்துவிடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. கேம்பர்வேனில் குழந்தைகள் தூங்குகிறார்கள், சமையல் வாயு இருக்கிறது, பெட்ரோல் குழாய் ரப்பர் பின்னால் காய்ந்துகொண்டிருக்கிறது. முதல்முறை சாலைக்கு எடுக்கும் இறக்குமதி வண்டிக்கு இது இன்னும் அவசியம். அமெரிக்க முன்விளக்குகள் தாழ்வெளிச்சத்தை வலப்பக்கம் சாய்க்கும். பிரிட்டனில் அது எதிரே வருகிறவரின் கண்ணுக்கு நேராகப் போகும்.

டிவிஎல்ஏவின் ஒரு விதி எனக்குப் புரியவே இல்லை. பதிவுப் புத்தகத்தில் உடல் வகை என்ற கட்டம் உண்டு. சரக்கு வேனைக் கேம்பராக்கியவர் அதில் மோட்டார் கேரவன் என்று எழுதச் சொல்லிக் கேட்டால், 2019 முதல் வெளித்தோற்ற அடையாளங்களைக் கேட்கிறார்கள்: பக்கவாட்டு ஜன்னல்கள், தனிக் கதவு, இரண்டு பக்கமும் கேம்பர் பாணிச் சித்திரப் பட்டைகள், நிழல்விரிப்புக் கம்பி, உயர்ந்த கூரை. உயர்ந்த கூரை என்பதில் தூக்கி இறக்கும் கூரை சேராது என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். உலகமே கேம்பர்வேன் என்றதும் நினைப்பது அந்தக் கோடு போட்ட துணிக் கூரையைத்தான்! உள்ளே கட்டிலும் அடுப்பும் இருப்பதைவிட வெளியே ஒட்டிய சித்திரம் பெரிதாகிவிட்டது. சாலையில் பார்க்கும் காவலருக்கு அடையாளம் தெரிய வேண்டும் என்பதே அவர்கள் சொல்லும் காரணம். இதனால் வரிப் பிரிவு மாறுவதில்லை. ஆனால் சில காப்பீட்டு நிறுவனங்கள் அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் பிரீமியம் சொல்கின்றன. ஆலையே கேம்பராகச் செய்ததற்கு எம் பிளேட்டும் பிறப்புச் சான்றும் இருக்கும்போது, பழைய வண்டிகளுக்காவது ஆவணத்தை ஏற்க வேண்டும்.

மற்ற நாடுகளில் ஜெர்மனி இந்த அசல் கேள்வியை நேர்மையாக எதிர்கொண்டிருக்கிறது. பழைய வாகனங்களுக்கென 1997ல் வந்த எச் எண் தகடு, 30 வயதானால் கிடைக்கும். எஞ்சின் எதுவானாலும் வருட வரி 191.73 யூரோ. பதிலுக்கு ஒரு நிபுணர் வண்டியை நேரில் பார்த்துச் சான்று தர வேண்டும். செய்த மாற்றங்கள் அந்த வண்டியின் காலத்துக்கு உரியவையா என்பதை அவர் பார்க்கிறார். உறுதிமொழியை மட்டும் நம்பும் பிரிட்டனைவிட இது கடுமை, ஆனால் கேம்பர்வேனுக்கு இதுவே பாதுகாப்பு. 1978ல் போட்ட அலமாரிக்கு மதிப்புத் தெரிந்தவர் ஒருவர் கண்ணால் பார்த்துச் சொல்கிறார்.

அமெரிக்கா வயதை மட்டும் பார்க்கிறது: உற்பத்தியாகி 25 வருடம் ஆனால் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கு. 1960களில் இதே ஃபோக்ஸ்வாகன் வண்டியையும் தொட்ட ஒரு வரிப் போர் அங்கே நடந்தது. அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு ஐரோப்பியர்கள் வரி போட, பதிலடியாக அதிபர் ஜான்சன் 1963 டிசம்பரில் சிறு லாரிகளுக்கு 25 சதவீத வரி விதித்தார். ஃபோக்ஸ்வாகனின் சரக்கு வேனும் பிக்அப்பும் அதில் சிக்கின. ஜன்னலும் இருக்கையும் வைத்த பயணி வகை தப்பியது.

இந்தியாவில் 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டு, 50 வயது தாண்டிய வாகனங்களுக்குத் தனிப் பதிவு வந்தது. எண்ணில் மாநில எழுத்துக்குப் பின் விஏ என்று வரும். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், புதுப்பிக்க 5,000. முன்பு 1950க்கு முந்தைய வண்டிகளுக்கே இருந்த இறக்குமதி அனுமதி 2025ல் 50 வருடம் தாண்டியவற்றுக்கும் விரிந்தது. 1974ஆம் ஆண்டு கேம்பர்வேன் இந்தக் கணக்கில் உள்ளே வந்துவிட்டது. ஆனால் விஏ எண் வாங்கிய வண்டியைக் கண்காட்சிக்கும் பழைய வாகன ஊர்வலத்துக்கும் ஆய்வுக்கும் பராமரிப்புக்கும்தான் சாலையில் எடுக்கலாம். பயணம் போவதற்கென்றே செய்த வண்டியில் ஏற்காட்டுக்கோ தனுஷ்கோடிக்கோ குடும்பத்தோடு போக முடியாது என்றால் அதைப் பதிவு செய்து என்ன பயன்? வாடகைக்கு விடக் கூடாது என்ற பிரிட்டன் நிபந்தனையை எடுத்துக்கொண்டு, சொந்தப் பயணத்தை அனுமதிப்பதே சரி. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இதைப் பரிசீலிக்க வேண்டும்.

பிரிட்டனில் வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று. முன்பணம் அனுப்புவதற்கு முன்பே எஞ்சின் அறையில் பொறித்த எண், எம் பிளேட், டைட்டில் மூன்றையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மூன்றும் ஒத்துப்போனால் மட்டும் பேரத்தைத் தொடருங்கள். 9705இன் கீழ் அறிவிக்கச் சம்மதிக்கிறாரா என்று ஏஜெண்டிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி கப்பலேறிய பிறகு இவற்றைச் சரிசெய்ய முடிவது அரிது.